தகர லாந்தரின் உள்பக்கம்

ஃப்ளோரா ஜெயசீலன் ஒரே வேலையில் அதிகபட்சம் தாக்குப்பிடித்தது நான்கு வருஷம். ஆகுர்டியில், கார் கம்பெனிகளுக்குத் தகட்டு உதிரிகள் அடித்துக் கொடுக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில். ஐடிஐயில் டிராஃப்ட்ஸ்மேன் படிப்பை முடித்த கையோடு சேர்ந்து, அச்சுகளுக்குப் பென்சிலில் வரைபடம் போட்டாள். போட்டுவிட்டு மேஜையிலேயே இருக்கமாட்டாள். மெஷின் பக்கத்தில் போய் நின்று, அச்சின் முனை எங்கே தேய்கிறது, தகட்டில் எங்கே பிசிறு தட்டுகிறது என்று பார்த்துக்கொண்டே இருப்பாள். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. இனி நாற்காலியை விட்டு எழவே வேண்டியதில்லை என்று முதலாளி பெருமையாகச் சொன்னார். அடுத்த மாதமே ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள்.

அதற்குப் பின் ஸ்கூலில் டிராயிங் டீச்சர், கேக் ஆர்டர், இன்ஷூரன்ஸ், கல்யாண மேடை அலங்காரம் என்று நாற்பத்தாறு வயதுக்குள் ஒன்பது வேலை பார்த்தாயிற்று. தெற்கே நாசரேத்திலிருந்து வடக்கே மராத்திக்காரர்கள் ஊரான கட்கிக்குப் பிழைக்க வந்த அவளுடைய அப்பா மாதிரியே, கணவன் ஜெயசீலனும் வெடிமருந்துத் தொழிற்சாலையில் இருபத்தைந்து வருஷமாக ஒரே செக்‌ஷனில் இருந்தான். அவளை அவன் தடுத்ததில்லை. புரிந்துகொண்டான் என்றும் சொல்ல முடியாது. தாபோடியில் மூன்றாவது மாடி வீட்டில் அவள் குறுக்கும் நெடுக்கும் நடக்கிற சத்தம் கேட்டு, கீழ் வீட்டு தர்மாம்பாள் ஒருநாள் மேலே வந்து, “வீட்ல யாருக்காவது உடம்பு சரியில்லையா?” என்று விசாரித்துவிட்டே போயிருக்கிறாள்.

பாணேரில் வெளிநாட்டுப் புத்தகங்களுக்குப் படம் வரைந்து அனுப்பும் ஒரு நிறுவனம் இருந்தது. அங்கே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டவன் ஹரீஷ், கோயம்புத்தூர்க்காரன். காது, மூக்கு, முழங்கால் மூட்டு என்று டாக்டர் படிப்புப் புத்தகங்களுக்கான படங்களை ஃப்ளோராவுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். போன மழைக்காலத்தில் வேறு மாதிரி ஒரு வேலை வந்தது. அமெரிக்காவில், பென்சில்வேனியாப் பக்கம் ஒரு சின்ன ஊரின் மியூசியம். இருநூறு வருஷத்துக்கு முன்னால் அந்த ஊர் வீடுகளில் எரிந்த விளக்குகளையும், அங்கத்திய கைவினைச் சாமான்களையும் வாட்டர்கலரில் வரைந்து தரவேண்டும். மொத்தம் முப்பத்தெட்டு.

மியூசியத்தைப் பார்த்துக்கொள்ளும் நிக்கோல் என்ற பெண்மணி வீடியோவில் வந்து பேசினாள். தொண்ணூறு வருஷத்துக்கு முன் அவர்கள் நாட்டில் பெரிய பண நெருக்கடி வந்தபோது, வேலையில்லாமல் தவித்த ஓவியர்களுக்கு அரசாங்கமே சம்பளம் கொடுத்து, இப்படிப்பட்ட பழைய சாமான்களை ஒன்றுவிடாமல் வரையச் சொன்னதாம். அந்தப் படங்களில் சிலதைத் திரையில் காட்டினாள்.

ஒரு இரும்பு விளக்கு. உள்ளங்கையளவு கிண்ணம், திரி வெளியே தலைநீட்ட ஒரு மூக்கு, உத்தரத்தில் மாட்ட ஒரு கொக்கி, திரியைக் குத்திவிட சங்கிலியில் தொங்கும் ஒரு ஊசி. பின்னணியில் வெறும் வெள்ளைத் தாள். ஆனால் அந்தத் துருவைத் தொட்டால் விரலில் ஒட்டிக்கொள்ளும் போலிருந்தது. கிண்ணத்தின் விளிம்பில் கொழுப்பு உறைந்து கறுத்த இடம்கூடத் தெரிந்தது.

“இதே மாதிரி வேணும். போட்டோவுல நிழல் எல்லாத்தையும் முழுங்கிடுது. பொருளை உட்கார்ந்து பாத்த ஒரு ஆளோட கண்ணு எங்களுக்கு வேணும்” என்றாள் நிக்கோல்.

உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்பதுதான் சிக்கல். வாட்டர்கலருக்குப் பொறுமை வேண்டும். ஒரு பூச்சு காய்ந்த பிறகுதான் அடுத்தது. காய்வதற்குள் ஃப்ளோரா எழுந்து பருப்பு வைப்பாள், கொத்தமல்லி வாங்கக் கீழே இறங்குவாள், பால்கனியிலிருந்து மெட்ரோ போவதைப் பார்ப்பாள். திரும்பி வருவதற்குள் வண்ணத்தின் ஓரம் காய்ந்து கோடு விழுந்திருக்கும். முதல் விளக்கை ஐந்து தடவை கிழித்துப் போட்டாள். ஆறாவது தடவை நிக்கோல், “ஊசியின் சங்கிலியில் மூன்றாவது கண்ணி வளைந்திருப்பதை நாங்களே இப்போதுதான் பார்க்கிறோம்” என்று ஹரீஷ் வழியாக எழுதியனுப்பினாள்.

அந்த ஒரு வரிக்குப் பிறகு ஃப்ளோரா அடுத்தடுத்து வரைந்தாள். பன்னிரண்டு குழாய் வைத்த தகர மெழுகுவர்த்தி அச்சு. கொழுப்பில் தோய்த்த நாணல் தண்டு எரியும்போது பிடித்துக்கொள்கிற இடுக்கி. உயரத்தைக் கூட்டிக் குறைக்கப் பல் வெட்டிய மர விளக்குத் தண்டு. பதினான்காவதாக லாந்தர் வந்தது.

நீளமான தகர உருளை, கூம்பு மூடி, தூக்க ஒரு வளையம், பக்கவாட்டில் சின்னக் கதவு. கண்ணாடியே கிடையாது. உருளை முழுக்கத் துளைகள். உள்ளே மெழுகுவர்த்தியை ஏற்றினால் துளைகள் வழியாக வெளிச்சம் புள்ளிபுள்ளியாக விழும். துளைகள் சேர்ந்து சூரியச் சக்கரம் போல ஒரு கோலம். அதே கோலம் உருளையைச் சுற்றி நான்கு தடவை. இந்த லாந்தர்தான் மியூசியத்தின் செல்லப்பிள்ளை. ஊர் உண்டானபோது ஒரு கொல்லர் தன் கையால் அடித்தது, ஆறு தலைமுறையாக அந்தக் குடும்பத்திலேயே இருந்தது என்று குறிப்பு சொன்னது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஜெயசீலன் வேலைக்குப் போனபிறகு, அவள் போட்டோக்களைப் பெரிதாக்கித் துளைகளை ஒவ்வொன்றாகத் தாளில் குறித்துக்கொண்டு வந்தாள். முதல் சக்கரத்தில், இரண்டாவது வட்டத்தின் ஏழாவது துளை எள்ளளவு வெளியே தள்ளியிருந்தது. கை தவறியிருக்கிறது என்று நினைத்துச் சிரித்துக்கொண்டாள். இரண்டாவது சக்கரத்திலும் அதே ஏழாவது துளை அதேயளவு தள்ளியிருந்தது. மூன்றாவதிலும் அப்படித்தான். கதவில் இருந்த நான்காவதிலும்.

எழுந்துவிட்டாள். கூடத்துக்கும் சமையலறைக்கும் எத்தனை தடவை நடந்தாளோ தெரியாது. மனிதனின் கை ஒரு தடவை தவறும். நான்கு தடவை, ஒரே இடத்தில், ஒரே அளவில் தவறுமா? அச்சு தவறும். ஆகுர்டியில் அவள் பார்த்திருக்கிறாள். அச்சில் ஒரு முனை வளைந்துவிட்டால், அன்றைக்கு அடித்த ஆயிரம் தகட்டிலும் அதே குறைதான் விழும். இது பிரஸ்ஸில் அடித்த சாமான். கொல்லரின் கைவேலை என்று கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள்.

ஹரீஷுக்குப் போன் போட்டாள்.

“மேடம், படத்துல என்ன இருக்குதோ அதை வரைங்க. அது பழசா புதுசான்னு நம்மளை யாருங்க கேட்டாங்க?”

“பொய்யை அழகா வரஞ்சு குடுக்கச் சொல்லுதீங்களா?”

“நான் அப்படிச் சொல்லலைங்க. நிக்கோலுக்கு எதாவது சொல்லணும்னா என் வழியாத்தான் போகணும். ரூல் தெரியுமில்லீங்க? வெள்ளிக்கிழமை வீடியோ கால் இருக்குது, பக்குவமா நானே கேக்கறேன்.”

வெள்ளிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. ஃப்ளோராவால் மூன்று மணிநேரம்கூடக் காத்திருக்க முடியவில்லை. நிக்கோலின் மெயில் முகவரி போட்டோக் கோப்பிலேயே இருந்தது. பதினொரு மணிக்கு, நான்கு சக்கரங்களையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துக் காட்டும் வரைபடத்தோடு நேராக எழுதிவிட்டாள். ‘இது கையால் செய்ததாக இருக்க முடியாது. பிரஸ் அச்சில் அடித்தது. நான் அந்தத் தொழிலில் இருந்தவள்’ என்று முடித்திருந்தாள். அனுப்பிவிட்டுக் கீழே போய்ப் பாவ்பாஜி வாங்கித் தின்றாள். சந்தோஷத்தில் இன்னொரு பாவும் கேட்டு வாங்கினாள்.

பதில் மறுநாள் வந்தது. நன்றி சொல்லியிருந்தாள் நிக்கோல். வரைபடத்தைப் பார்த்ததும் லாந்தரைக் கண்ணாடிப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்துவிட்டார்களாம். அதைக் கொடுத்தவர் ஜார்ஜ் என்பவர், எண்பத்தெட்டு வயது. சின்ன வயதில் இந்த லாந்தரைத் தூக்கிக்கொண்டுதான் விடிவதற்கு முன்னால் பால் கறக்கப் போவாராம். ‘அவருக்கு நான்தான் சொல்லவேண்டும். எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. இந்த வாரக் கடைசியில் நேரில் போகிறேன்.’

ஃப்ளோரா அதை இரண்டு தடவை படித்தாள். ஒரு கிழவர் இருப்பார் என்று அவள் யோசிக்கவே இல்லை.

சாயங்காலம் ஜெயசீலனிடம் சொன்னாள். அவன் டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டே கேட்டான்.

“நீ அந்தச் சாமானைக் கையில வச்சுப் பாத்தியா?”

“போட்டோ இருக்குல்லா. பதினாறு போட்டோ.”

“எங்க செக்‌ஷன்ல கையில எடுத்துப் பாக்காம எவனும் ரிஜெக்ட்டுனு சீல் குத்த மாட்டான்” என்றான். அவன் குத்திக்காட்டச் சொல்லவில்லை. தொழிற்சாலை வழக்கத்தைச் சொன்னான், அவ்வளவுதான். ஆனால் அவளுக்கு அது முள்ளாகத் தைத்தது. வியாழன், வெள்ளி இரண்டு நாளும் தூரிகையைத் தொட முடியவில்லை. தாளைப் பார்த்தால் அந்த ஏழாவது துளைதான் தெரிந்தது.

சனிக்கிழமை காலை மெட்ரோ ஏறிப் பிம்ப்ரிக்குப் போனாள். கையில் வைத்துப் பார்க்க அமெரிக்க லாந்தர் கிடைக்காது, தகரமாவது கிடைக்கும். மார்க்கெட்டுக்குப் பின்னால், புனல், சல்லடை, தகரப்பெட்டி எல்லாம் செய்து விற்கும் முகமது ரஃபீக்கின் கடை இருந்தது. கல்யாண மேடை வேலை பார்த்த காலத்தில் பழக்கம். ஐம்பது வயது ஆள், பேசிக்கொண்டே இருந்தாலும் சுத்தியல் நிற்காது. அவளைக் கண்டதும் வெளியே ஸ்டூலை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. போனில் லாந்தரைக் காட்டினாள்.

“கந்தீல்” என்றார் அவர் இந்தியில். “நல்ல வேலை. தீபாவளிக்கு இப்படி நூறு செஞ்சா நூறும் போயிடும்.”

“கையால செஞ்சதுன்னு நினைக்கிறீங்களா பாய்?”

“பின்னே?”

“இந்த ஓட்டையைப் பாருங்க. நாலு இடத்துலயும் ஒரே தப்பு. மெஷின்தானே?”

ரஃபீக் போனை அவளிடமே திருப்பிக் கொடுத்தார். உள்ளே போய், சுவரில் ஆணியில் தொங்கிய ஒரு கறுப்புத் தாளை எடுத்துவந்தார். யாருடையதோ பழைய எக்ஸ்ரே ஃபிலிம். விலா எலும்பு மங்கலாகத் தெரிந்தது. அதன்மேல் வட்டவட்டமாகத் துளைகள்.

“இது ஃபர்மா. பூந்திக் கரண்டிக்கு. தகட்டு மேல வச்சு, ஓட்டை வழியா ஆணியால புள்ளி குத்திக்குவேன். அப்புறம் ஃபர்மாவை எடுத்துட்டு ஒவ்வொண்ணா அடிப்பேன். இல்லேன்னா ஒவ்வொரு தடவையும் யார் அளந்துட்டு இருக்கறது?” ஓரத்தில் ஒரு துளையை விரலால் தொட்டார். “இங்க கிழிஞ்சு போச்சு, பாத்தீங்களா? அதனால என் கரண்டி எல்லாத்துலயும் இந்த ஓட்டை கோணல். மிட்டாய்க்கடைக்காரன் ஒருத்தன் சொல்றான், பாய், இது உன் கையெழுத்துன்னு.” சொல்லிவிட்டுச் சத்தமாகச் சிரித்தார்.

ஃப்ளோரா அப்போதுதான் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

கரண்டி ஒன்றை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். மேல்பக்கம் துளைகள் ஒழுங்காக இருந்தன. பின்பக்கம் ஆணி கிழித்துக்கொண்டு வந்த பிசிறுகள். ஒன்று பூ மாதிரி விரிந்திருந்தது, ஒன்று ஒரே பக்கமாக மடிந்திருந்தது, ஒன்றில் பாதிதான் கிழிந்திருந்தது. எந்த இரண்டும் ஒன்றுபோல் இல்லை. பிரஸ்ஸில் அடித்திருந்தால் அத்தனையும் ஒரே அச்சாக இருந்திருக்கும். இதை அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான்கு வருஷம் அவள் பார்த்ததே பிசிறுகளைத்தான். லாந்தரின் பிசிறு உள்பக்கம் இருக்கிறது. பதினாறு போட்டோவில் ஒன்றுகூட உள்பக்கத்தைக் காட்டவில்லை. உள்ளே பார்க்கவேண்டும் என்று அவளுக்கும் தோன்றவில்லை.

கடை வாசலிலேயே நின்று போனில் எழுதினாள். ‘நான் அவசரப்பட்டுவிட்டேன். மாதிரித் தகட்டை வைத்துக் கையால் அடித்தாலும் இப்படித்தான் வரும். கதவைத் திறந்து, சின்னக் கண்ணாடியும் டார்ச்சும் வைத்து உள்ளே பாருங்கள். பிசிறுகள் எல்லாம் ஒன்றுபோல் இருந்தால் நான் சொன்னது சரி. வேறுவேறாக இருந்தால் நான் சொன்னது தப்பு. தயவுசெய்து ஜார்ஜ் அய்யாவிடம் அதுவரை எதுவும் சொல்லவேண்டாம்.’

அங்கே அப்போது விடிந்திருக்காது. வீட்டுக்குத் திரும்பப் பிடிக்கவில்லை. ரஃபீக்கிடம் ஒரு தகடும் ஆணியும் சுத்தியலும் வாங்கி, எக்ஸ்ரே ஃபிலிமில் சூரியச் சக்கரத்தைக் குத்தி, அவளே அடித்துப் பார்த்தாள். இடது ஓரத்திலிருந்து தொடங்கினாள். மூன்று சக்கரம் நன்றாக வந்தது, நான்காவது, தகட்டை உருளையாகச் சேர்க்க விட்டிருந்த மடிப்பில் போய் இடித்தது. ரஃபீக் எட்டிப் பார்த்து, “முதல்ல நடுவை அளக்கணும் தீதி” என்றார். திருப்பிப் போட்டு மறுபடி கோடு கீறினாள். கட்டைவிரலில் ஒரு அடி பலமாகவே விழுந்தது.

பதில் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்தது. நேரில் போகும்வரை காத்திருக்காமல், நிக்கோல் வெள்ளிக்கிழமையே ஜார்ஜிடம் போனில் சொல்லிவிட்டிருந்தாள். அவர் பாதியிலேயே போனை வைத்துவிட்டாராம்.

ஃப்ளோரா பால்கனியில் நின்று அழுதாள். பக்கத்தில் வந்து நின்ற ஜெயசீலன், “விரல் வீங்கியிருக்கே, ஐஸ் வச்சியா?” என்று கேட்டான்.

“அந்தக் கெழவர் என்ன பாவம் பண்ணினாருங்க? என் காலும் கையும் சும்மா இருக்காதது என்னோட போவட்டும். அது கடல் தாண்டிப் போய் ஒரு மனுசனை அடிச்சிட்டுதே.”

“தப்புன்னு தெரிஞ்சதும் அன்னைக்கே சொல்லிட்டல்லா” என்றான் அவன். அவளுக்கு அது போதவில்லை.

திங்கட்கிழமை நிக்கோல் இருபது போட்டோ அனுப்பினாள். பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற கண்ணாடியைக் கதவு வழியாக விட்டு எடுத்தவை. பிசிறுகள் ஒவ்வொன்றும் ஒரு விதம். சிலது கூர்மையாக, சிலது நசுங்கி, இரண்டு இடத்தில் ஆணி வழுக்கித் தகட்டைக் கீறியிருந்தது. கைவேலைதான். கூடவே இன்னொன்றும் தெரிந்தது. மெழுகுப் புகை படிந்த உள்சுவரில், கூர்முனையால் கீறிய அளவுக் கோடுகள் இருந்தன. அடித்தவர் போட்டுக்கொண்ட கோடுகள். மியூசியத்துக்கு லாந்தர் வந்து முப்பது வருஷமாகியும் அவற்றை யாரும் பார்த்ததில்லை.

அதே நாள் ஹரீஷும் அழைத்தான். நிக்கோல் எழுதியதெல்லாம் அவனுக்கும் போயிருந்தது.

“மேடம், உங்க கை தங்கம். அதுல சந்தேகமே இல்லைங்க. ஆனா நாளைக்கு இன்னொரு கிளையன்ட்டுக்கு இப்படி நேரா எழுதினீங்கன்னா நான் கம்பெனியை மூட வேண்டியதுதான். லாந்தரை முடிச்சுக் குடுத்துருங்க. மீதியை வேற ஆள்களுக்குப் பிரிச்சுட்டேன்.”

“சரிங்க” என்றாள்.

நிக்கோல் ஜார்ஜைப் பார்க்க நேரில் போனாள். போட்டோக்களைக் காட்டினால் அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை. எல்லாம் ஒரே கறுப்பாக இருக்கிறது என்றாராம். ஐம்பது வருஷம் கையில் பிடித்த சாமானின் உள்பக்கத்தைப் பார்த்ததே இல்லை, உள்ளே எப்போதும் மெழுகுவர்த்தி இருந்தது என்றாராம். கடைசியில், “கண்டுபிடித்த அந்தப் பெண்ணே இதைப் பெரிதாக வரைந்து தருவாளா?” என்று கேட்டிருக்கிறார்.

அந்தப் படம் முடிய பதினேழு நாள் ஆயிற்று. மேஜையில் உட்கார்ந்தால் பத்து நிமிஷத்தில் கால் தானாக எழுந்துகொண்டது. நான்காம் நாள் ஃப்ளோரா பலகையைத் தூக்கி ஃபிரிட்ஜின் மேல் சாய்த்து வைத்து, நின்றுகொண்டே வரையத் தொடங்கினாள். ஒரு பூச்சு காய்கிறவரை அடுத்த பிசிறைப் பென்சிலில் போட்டாள். புகைக் கறுப்பில் எத்தனை நிறம் இருக்கிறதென்று அப்போதுதான் தெரிந்தது. நீலம், காவி, ஓரங்களில் கொஞ்சம் பச்சை. குழம்பு தாளிக்கும்போது தெறிக்காமலிருக்க ஜெயசீலன் படத்தின் முன்னால் ஒரு தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். தப்பு செய்துவிட்டோம் என்ற உறுத்தல் ஒருநாளும் முழுதாகப் போகவில்லை. வரைகிற நேரத்தில் மட்டும் கொஞ்சம் அடங்கியது.

லாந்தர் இப்போது மறுபடியும் கண்ணாடிப் பெட்டிக்குள் போய்விட்டது, கதவு திறந்தபடி, உள்ளே ஒரு சின்ன விளக்கோடு. ஃப்ளோராவுக்குப் போசரியில் அச்சுகள் செய்யும் ஒரு டூல்ரூமில் தகடுகளைப் பரிசோதிக்கிற வேலை கிடைத்திருக்கிறது. நாள் முழுக்க மெஷினுக்கு மெஷின் நடக்கவேண்டும். ஒவ்வொரு சாமானையும் கையில் எடுத்து, திருப்பி, பின்பக்கம் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறாள். கொஞ்சம் மெதுவாகப் பார்ப்பதாகச் சூப்பர்வைசர் முணுமுணுத்திருக்கிறார்.

போன வாரம் டீ இடைவேளையில் நிக்கோலின் கடிதம் வந்தது. ஜார்ஜ் அந்தப் படத்தைச் சாப்பாட்டு மேஜைக்கு எதிரே மாட்டியிருக்கிறார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்து ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: அளவுக் கோடு எல்லா இடத்திலும் இரண்டிரண்டாக இருக்கிறதே, முதல் கோட்டை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே இன்னொன்று ஏன் போட்டிருக்கிறார்கள்?

ஃப்ளோரா டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, மெஷின்கள் ஓய்ந்திருந்த அந்தப் பத்து நிமிஷத்தில் நின்றுகொண்டே பதில் எழுதினாள். ‘முதலில் இடது ஓரத்திலிருந்து தொடங்கியிருக்கிறார். நான்காவது சக்கரம் மடிப்பில் இடித்திருக்கிறது. அதற்குப் பிறகு நடுவை அளந்து, எல்லாக் கோட்டையும் தள்ளிப் போட்டிருக்கிறார். எனக்கும் அப்படித்தான் ஆயிற்று. முந்நூற்றுச் சொச்சம் துளைகளை அடிப்பதற்கு முன்னாலேயே அவர் கண்டுபிடித்துவிட்டார். நான் அடித்துவிட்டுத்தான் பார்த்தேன் என்று ஜார்ஜ் அய்யாவிடம் சொல்லுங்கள்.’